ஆடியில் வாங்கி வைப்போம். அடைமழையில் எடுத்துக் கொடுப்போம்



வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தவுடன் நாம் முதலில் ஓடுவது கிடங்கிற்குத்தான். கீழ் அடுக்கில் உள்ள அரிசி மூட்டையை மேலே ஏற்றுகிறோம். சர்க்கரைக்கும் மைதாவுக்கும் தார்ப்பாய் போர்த்துகிறோம். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர் கூடுதலாக வாங்கி வைக்கிறோம். சரக்கைக் காப்பதிலும், ஊருக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டிக் கணிப்பதிலும் நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சரக்கை மட்டும் தொடர்ந்து விட்டுவிடுகிறோம். அது துணி.

சோறு எப்படியாவது வந்துவிடும். கோயிலிலோ, கல்யாண மண்டபத்திலோ, பள்ளிவாசலிலோ அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கிய குடும்பத்துக்கு அன்று இரவே உலர்ந்த துணி வேண்டும். ஈரத் துணியோடு ஒரு கைக்குழந்தையை எத்தனை மணி நேரம் வைத்திருக்க முடியும்? அந்த நேரத்தில் ஜவுளிக் கடை பூட்டிக் கிடக்கும். மின்சாரம் இருக்காது, இயந்திரத்தில் பணம் எடுக்கவும் முடியாது. அதனால் முன்பே வாங்கி வைத்திருந்தால்தான் உண்டு.

எங்கள் லாரி கற்றுத் தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. கடை கடையாக, வீடு வீடாகப் பழைய துணி சேகரித்து ஒரு லாரி நிறைய ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பெரிய காரியம் செய்கிறோம் என்ற எண்ணம்தான்.

போய்ப் பார்த்தால் சாலை ஓரமெல்லாம் துணி. எங்களைப் போலவே எல்லா ஊர்க்காரர்களும் பழைய துணி கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கிழிந்த கால்சட்டை, பொத்தான் இல்லாத சட்டை, சரிகை போன பட்டுப்புடவை, கம்பளிக் கோட்டு கூட இருந்தது. பனியில் நனைந்து, மண் படிந்து, ஆடு மாடு மிதித்துக் கிடந்தது. கடலோர மக்கள் உழைத்துச் சம்பாதித்து உடுத்தியவர்கள். பிறர் கழித்த துணியை அவர்கள் தொடவில்லை. அதில் தவறு காண நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எங்கள் வீட்டம்மாவும் உடன் வந்திருந்தார். முகாமில் ஒரு பெண் அவரைத் தனியே அழைத்து, "அக்கா, சேலை நெறைய வருது. உள்ள கட்டப் பாவாட ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். லாரி முழுக்கத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. அவ்வளவு துணியை ஏற்றிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அன்று சாலையில் கிடந்த துணியைச் சேகரித்துப் பிரித்தெடுத்த அமைப்புகளில் டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் ஒன்று. உடுத்த உதவாத பருத்தித் துணியைப் பெண்களின் மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுக்கும் பணியை அது செய்துவருகிறது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015ல் மகசேசே விருது கிடைத்தது. கழித்த துணியைப் பயன்படுத்தவும் தனித் திறமையும், ஆட்களும், தையல் எந்திரமும் வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம். நம்மிடம் அவை இல்லை. ஆகவே பழைய துணி வேண்டாம். கொஞ்சமாக இருந்தாலும் புதுத்துணி கொடுப்போம்.

எல்லாம் தீபாவளிக்குப் பிறகுதான்

நமக்கு நினைவிருக்கும் பேரிடர்களின் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26 - ஆழிப்பேரலை.
2011 டிசம்பர் 30 - கடலூர், புதுச்சேரிப் பகுதியில் தானே புயல்.
2015 டிசம்பர் 1 - சென்னைப் பெருவெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை.
2018 நவம்பர் 16 - நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல்.
2023 டிசம்பர் 17, 18 - நெல்லை, தூத்துக்குடி வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை.

அத்தனையும் தீபாவளி முடிந்த பிறகு வந்தவை. 2018ல் தீபாவளி நவம்பர் 6. பத்தே நாளில் கஜா. இதன் பொருள் ஜவுளி வியாபாரிக்கு உடனே புரியும். தீபாவளி முடிந்த கையோடு கடையில் இருப்பு அடிமட்டத்துக்குப் போயிருக்கும். ஓடும் அளவுகள் தீர்ந்து, ஓடாத அளவுகள் தங்கியிருக்கும். பொங்கல் சரக்கு இன்னும் வந்திருக்காது. ஊருக்குத் துணி மிக அவசியப்படும் நேரமும், கடையில் துணி மிகக் குறைவாக இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. புயல் வந்த பிறகு ஈரோட்டுக்கு ஆள் அனுப்பினால், சாலை திறந்து சரக்கு வந்து சேர நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாளுக்குத்தான் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

என்ன வாங்குவது?

நிவாரண அமைப்புகள் உலக அளவில் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, ஆளுக்குக் குறைந்தது இரண்டு முழு மாற்றுடை வேண்டும் என்கிறது. ஒன்று உடுத்த, ஒன்று துவைத்துப் போட. நியாயமான அளவு. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பத்துக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொண்டால்:

1. கைலி 2, பனியன் 2.
2. பருத்தி நைட்டி 2, நாடா வைத்த உள்பாவாடை 2.
3. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 ஜோடி.
4. ஈரிழைத் துண்டு 4.
5. போர்வை 2.
6. நாப்கின் 2 பாக்கெட். இதை எழுத வெட்கப்படத் தேவையில்லை. வாங்கி வைக்காததுதான் வெட்கம்.

சேலையும் வேட்டியும் அரசு நிவாரணத்தில் வருவதுண்டு. அதனால் அவற்றில் நம் பணத்தைப் போட வேண்டாம். கைலியும் நைட்டியும் உடம்பு அளவு பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் துணியையும் உள்ளாடைகளையும் பொட்டலத்துக்குள் கட்டாமல், வயதுவாரியாகவும் அளவுவாரியாகவும் தனி மூட்டையாக வைத்திருந்து, கொடுக்கும்போது ஆளைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இதோடு ஊருக்குப் பொதுவாக ஒரு பீஸ் காடாத் துணியும், ஒரு பீஸ் மெல்லிய மல் துணியும் இருக்கட்டும். முகாமில் பெண்கள் உடை மாற்ற மறைப்புக் கட்டுவதற்குக் காடாத் துணி உதவும். மல் கைக்குழந்தைகளுக்கு.

பாலியஸ்டர் கலந்த துணி சீக்கிரம் உலரும் என்பது உண்மை. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முகாமில் விறகடுப்பில் சமைக்கும் பெண்களுக்குப் பருத்தியே பாதுகாப்பு.

பணம் முடங்காதா?

நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளத்துக்காகத் துணியைப் பூட்டி வைத்தால் அது மக்கித்தான் போகும். ஆகவே பூட்டி வைக்கக் கூடாது. சுற்றில் விட வேண்டும்.

ஆடித் தள்ளுபடியில் வாங்குவோம். ஆவணி முதல் மார்கழி வரை கிடங்கில் இருக்கட்டும். மழை நம்மைக் காப்பாற்றிவிட்டால், பொங்கல் வியாபாரத்தில் விற்றுவிடுவோம். கைலியும் நைட்டியும் துண்டும் பருவம் பார்க்காமல் ஓடும் சரக்கு. அடுத்த ஆடியில் மீண்டும் புதிதாக வாங்குவோம். வாங்கும்போதே உள்ளூர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவரிடம், தைப் பிறப்புக்கு முன் இந்தச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது என்று எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும். மளிகைக் கடைக்காரர் கைலி விற்கத் தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சங்கத்தில் 100 கடைகள். கடைக்கு 3 பொட்டலம். மொத்தம் 300 குடும்பம், அதாவது 1,200 பேர். பொட்டலம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதலீடு 7,50,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், ஐந்து மாதத்துக்கு 37,500 ரூபாய். கடை ஒன்றுக்கு 7,500 ரூபாய் முதல், 375 ரூபாய் வட்டி. புயல் வராத ஆண்டில் முதல் திரும்பிவிடும். நம் செலவு அந்த வட்டியும் கொஞ்சம் வண்டிக் கூலியும்தான். ஆயுதபூஜைக்கு நாம் செய்யும் செலவுக்கு இது மேல் அல்ல.

தீபாவளி நேரத்தில் நல்ல விலை கேட்பார்கள். விற்றுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். மேலே சொன்ன தேதிகளை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடங்கில் வைக்கும் முறை

மளிகைக் கிடங்கில் துணி வைப்பது தனி வித்தை. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரம் இழுக்கும். மிளகாய், பெருங்காயம், மண்ணெண்ணெய் வாடையைத் துணி பிடித்துக்கொண்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

தரையிலும் சுவரிலும் படக்கூடாது. பரண் இருந்தால் பரண். இல்லாவிட்டால், சென்ற வெள்ளத்தில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே பலகை அடித்து வையுங்கள். உள்ளே பாலிதீன் உறை, வெளியே சாக்கு. உறைக்குள் போடும் முன் துணி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட்ட துணிக்குப் பூச்சி சீக்கிரம் வரும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணிப்பையில் கட்டி வைக்கலாம். குழந்தைத் துணியில் அந்துருண்டை போடவே கூடாது. அந்த வாடை சில குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைத்துக் காமாலையை உண்டாக்கும்.

எலாஸ்டிக் வைத்த துணி வெப்பத்தில் இழுவை போய்விடும். நாடா வைத்ததை வாங்கச் சொல்வது அதனால்தான்.

முக்கியமாக, எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் வைக்காதீர்கள். 2023ல் தென் மாவட்டங்களில் எத்தனையோ கடைகளே தண்ணீரில் மூழ்கின. ஊரின் மேட்டுப் பகுதியில் ஒன்று, மறு கோடியில் ஒன்று என்று இரண்டு இடம் வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும்.

கணக்கும் காப்பீடும்

வாங்கியது பில்லோடு இருக்கட்டும். இருப்புப் புத்தகத்தில் தனிப் பக்கம் போடுங்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி, அன்பளிப்பாகக் கொடுத்த சரக்குக்கும் அழிந்துபோன சரக்குக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சங்கத்தின் துணி உங்கள் கிடங்கில் இருந்தால், அது உங்கள் சொந்தச் சரக்கு அல்ல. பிறருடைய சரக்கு பொறுப்பில் உள்ளது என்று பாலிசியில் எழுதாவிட்டால் இழப்பீடு கிடைப்பது சிரமம். ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம் இதில் அடங்கும். உங்கள் பாலிசியை ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இது பதுக்கல் ஆகாதா?

சில அன்பர்கள் இப்படிக் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1943ல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கண்ட்ரோல் துணிக்கு வரிசையில் நின்ற கதையையும், அன்று பதுக்கியவர்களால் வணிகர் சமூகத்துக்கே வந்த கெட்ட பெயரையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வித்தியாசம் தெளிவானது. சரக்கு கிராக்கியாக இருக்கும்போது விலை ஏறட்டும் என்று மறைத்து வைப்பது பதுக்கல். மலிந்து கிடக்கும்போது வாங்கிக் கணக்கில் எழுதி, கிராக்கியான நாளில் விலையில்லாமல் எடுத்துக் கொடுப்பது சேமிப்பு. வெள்ள நாளில் பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் கூடுதல் விலை வைத்த ஒரு சிலரால் நாம் எல்லோரும் பேச்சுக் கேட்டோம். அந்தப் பேச்சுக்குப் பதில் வாயால் சொல்ல முடியாது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். ஆடிக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். நூறு கடை சேராவிட்டாலும் பத்துக் கடை சேர்ந்தால் முப்பது குடும்பத்துக்கு ஆகும். பட்டியல் எழுதும்போது வீட்டுப் பெண்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அன்று அதைச் செய்திருந்தால், அந்தச் சகோதரி வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.