காப்ஸ்யூலையும் கஷாயத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்

நுரையீரல் புற்றுநோய் எலும்புக்கோ மூளைக்கோ பரவிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்த சில நாட்களிலேயே மஞ்சள் காப்ஸ்யூலும் முள்சீத்தா இலைப் பொடியும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அக்கறை உள்ளவர்கள்தான் வாங்கித் தருகிறார்கள். "அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்று தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தாவரங்களுக்குப் புற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். கீமோவில் ஏற்றும் பாக்லிடாக்செல், அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது. 1962இல் பட்டையைச் சேகரித்தார்கள். மூலக்கூறின் அமைப்பு 1971இல் வெளியானது. மருந்தாக அனுமதி கிடைத்தபோது 1992 ஆகிவிட்டது. நம் ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியின் வேதிப்பொருளை மாற்றியமைத்து உருவாக்கியதுதான் வினோரெல்பின். அதற்காக அந்த இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு. மருந்தாக ஏற்றும்போதே வெள்ளை அணுக்கள் எவ்வளவு குறைகின்றன என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துத்தான் அடுத்த தவணையை முடிவு செய்கிறோம்.

மஞ்சளின் குர்குமின் அந்தத் தூரத்தை இன்னும் கடக்கவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் அது புற்றுச் செல்கள் நகர்ந்து பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் நாளுக்கு 8 கிராம் வரை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தும் மனித ரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்ந்தது. இதைச் சரிக்கட்டத்தான் பல காப்ஸ்யூல்களில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைப் பைப்பரின் மட்டுப்படுத்தும். அப்பா சாப்பிடும் புற்றுநோய் மாத்திரையின் அளவு அதனால் ரத்தத்தில் ஏறக்கூடும். இந்தக் காப்ஸ்யூல்களால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உண்டு. சீந்தில் கொடிக்கும் அப்படிப்பட்ட பதிவுகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. குழம்பில், ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் வேறு விஷயம். அவற்றை நிறுத்த வேண்டாம்.

"உதவாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பார்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினைப் பற்றியும் அப்படித்தான் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. பரவலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் 2019இல் வெளியான எலி ஆய்வையும் அறிந்திருக்க வேண்டும். வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை நீண்ட நாள் கொடுத்தபோது நுரையீரல் புற்று மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது அதிகரித்தது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடர்த்தியாக்கிய சாறுகளையும் வைட்டமின் மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் எடுக்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

என்ன செய்யலாம்? அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும், பொடி, லேகியம், கஷாயம் எதையும் விடாமல், ஒரு பையில் போட்டு அடுத்த ஓபிக்கு எடுத்துச் செல்லுங்கள். லேபிளோடு கொண்டு போவது நல்லது. டாக்டர் திட்டுவாரோ என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து. சித்த மருந்துகளான பற்பமும் செந்தூரமும் உலோகம், தாதுக்களைப் புடமிட்டுச் செய்பவை. சிஸ்பிளாட்டின் ஏற்றும்போது சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படும் என்பதால் அவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். சித்த மருத்துவரைப் பார்க்கிறீர்கள் என்றால் கீமோ சீட்டை அவரிடமும் காட்டுங்கள்.

மூலிகையை முயன்றுவிட்டுப் பிறகு கீமோவுக்கு வருகிறோம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பயாப்சி திசுவில் ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்களா எனக் கேளுங்கள். இருந்தால் மூளைக்குப் பரவிய கட்டியைக்கூடச் சுருக்கும் மாத்திரைகள் இன்று உண்டு. இந்த மாத்திரைகளில் பலவற்றுக்குப் பம்பளிமாஸ் ஆகாது. எந்தப் பழம் கூடாது என்பதை மாத்திரை எழுதித் தரும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே மூலிகைப் பொடி சாப்பிட்டு வருகிறவருக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறத்தில் போனாலோ, பொடியை அன்றே நிறுத்திவிட்டு, கல்லீரல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்க வேண்டாம்.