வீட்டுக் கணிப்பொறியை இரவல் கொடுக்கலாமா?

இது விஞ்ஞான யுகம் என்று நம் பாட்டிமார் பள்ளியில் படித்த காலத்திலேயே கட்டுரைகள் தொடங்கின. அந்த விஞ்ஞானம் இன்று நம் வீட்டுக் கூடத்தில், பூப்போட்ட துணி போர்த்திய கணிப்பொறியாக உட்கார்ந்திருக்கிறது. அதில் நாம் வீட்டுப்பாடம் தட்டச்சு செய்கிறோம். அப்பா மின் கட்டணம் கட்டுகிறார். தம்பி விளையாடுகிறான். இவற்றுக்கெல்லாம் அந்த யந்திரத்தின் ஆற்றலில் ஒரு சிறு பகுதியே போதும். மற்ற நேரமெல்லாம் அது சும்மாதான் இருக்கிறது.

அப்படிச் சும்மா இருக்கும் நேரத்தை விஞ்ஞானிகளுக்கு இரவல் கொடுக்கலாம் என்று எங்கள் கணிப்பொறி மன்றக் கூட்டத்தில் ஒரு மாணவி சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வாரம் அவள் முகம் வாடி வந்தாள். அவள் தாயார், “ஏம்மா, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய புரோகிராமை வீட்டுக்குள் விடுவார்களா? இதே கணிப்பொறியில்தானே அப்பாவின் பாங்குக் கணக்கும் இருக்கிறது?” என்று கேட்டாராம். கைதட்டிய எங்களில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் இந்த இரவல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு பெரிய கணக்கை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி, ஊருக்கு ஒன்றாக வீட்டுக் கணிப்பொறிகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு முடிந்ததும் விடை திரும்பிப் போகிறது. கல்யாண வீட்டில் ஒரு மூட்டை வெங்காயத்தை அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு தட்டாகப் பிரித்து உரித்துத் தருவது போலத்தான்.

இதற்குப் பேர் வாங்கித் தந்தது அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999 மே 17 அன்று தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ என்னும் திட்டம். (செட்டி என்றதும் செட்டிநாட்டை நினைக்க வேண்டாம்; வேற்றுலக அறிவுயிர்களைத் தேடுவது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை.) போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி வானத்திலிருந்து பிடித்த வானொலி அலைகளில், 107 வினாடி நேரத்து அலைகள் ஒரு துண்டாக வீடுகளுக்கு வந்தன. யாராவது நம்மைக் கூப்பிடுகிறார்களா என்று அதில் தேட வேண்டும். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31 அன்று புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்தத் தொலைநோக்கியும் இடிந்து விழுந்துவிட்டது.

அப்படியானால் உழைப்பெல்லாம் வீணா என்று கேட்கத் தோன்றும். அப்படியன்று. அதே தொலைநோக்கியின் பதிவுகளை ஆராய்ந்த ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ என்னும் வேறொரு திட்டத்தில், 2010ஆம் ஆண்டு ஒரு புதிய துடிப்பு விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டது. அது தன்னைத் தானே வினாடிக்குச் சுமார் 41 முறை சுற்றுகிறது. அதை முதலில் பிடித்தவை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியரின் கணிப்பொறியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணிப்பொறியும் ஆகும். 2020இல் கொரோனா பரவிய நாட்களில் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ திட்டத்தில் அத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அந்த வீட்டுக் கணிப்பொறிகளெல்லாம் சேர்ந்து வினாடிக்கு, ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் இட்ட அளவு கணக்குகளைப் போட்டன. அதுவரை எந்தத் தனிக் கணிப்பொறியும் எட்டாத வேகம் அது.

பயன் உண்டு என்பது தெளிவு. ஆனால் அந்தத் தாயார் கேட்டது பயனைப் பற்றி அல்லவே.

இத்தகைய திட்டங்கள் பலவற்றுக்கும் பொதுவான அடித்தளமாக இருப்பது ‘பாயிங்க்’ என்னும் மென்பொருள். அதையும் பெர்க்கிலியில் டேவிட் ஆண்டர்சன் என்பவர் தலைமையில்தான் உருவாக்கினார்கள். அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்துப் பார்க்கலாம். ஒளிவு மறைவு இல்லாதது முதல் நல்ல அடையாளம். அடுத்தது, வெளியிலிருந்து எவரும் வந்து நம் கதவைத் தட்டுவதில்லை. நம் கணிப்பொறியே வெளியே போய் வேலை கேட்டு வாங்கி வருகிறது. முடித்ததும் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறது.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது முத்திரையைப் பற்றி. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒரு திட்டம் நமக்கு அனுப்பும் ஒவ்வொரு புரோகிராமின் மீதும் ஒரு இரகசிய எண்ணைக் கொண்டு முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரை உண்மையானதா என்று சோதித்துப் பார்க்கும் வேறொரு எண் நம் கணிப்பொறியிடம் இருக்கிறது. சோதிக்கும் எண்ணை வைத்துக்கொண்டு முத்திரை குத்த முடியாது என்பதுதான் இதிலுள்ள கணித விந்தை. இரகசிய எண்ணை இன்டர்நெட்டில் இணைக்கப்படாத தனிக் கணிப்பொறியில் பூட்டி வைக்கும்படி திட்டம் நடத்துவோருக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஆகவே ஒரு திருடன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறிக்குள்ளேயே புகுந்து நல்ல புரோகிராமை எடுத்துவிட்டுக் கெட்டதை வைத்தாலும், முத்திரை பொருந்தாததால் நம் வீட்டில் அது ஓடாது.

சந்தேகம் நமக்கு மட்டும்தானா? விஞ்ஞானிகளுக்கும் நம் மேல் உண்டு! வேலைக்கேற்ப மதிப்பெண் தருகிறார்கள் அல்லவா, அதற்கு ஆசைப்பட்டுப் பொய் விடை அனுப்பியவர்கள் இருந்தார்கள். ஆகவே பல திட்டங்களில் ஒரே துண்டை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடை ஒத்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்க முடியாதபடி தூரதூரமாக உட்கார வைப்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாதுகாப்பும் இருந்தும், முழு நம்பிக்கையோடு கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2003 ஏப்ரலில் செட்டி அட் ஹோம் மென்பொருளிலேயே ஓர் ஓட்டை இருப்பதை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதன் வழியே பிறர் நுழைய இடமிருந்தது. உடனே திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். பழைய பதிப்பையே வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆபத்து தொடர்ந்தது. நல்லவர்கள் எழுதியதிலும் பிழை இருக்கும். புதிய பதிப்பு வந்தால் அன்றே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். முத்திரை காட்டுவது அனுப்பியவர் யார் என்பதை மட்டும்தான். அவர் நல்லவரா என்பதை அல்ல. பாயிங்க் மென்பொருளைக் கொண்டு யாரும் ஒரு திட்டம் தொடங்கலாம். அவர்கள் அனுப்பும் புரோகிராம் நம் கணிப்பொறியில் உண்மையாகவே ஓடுகிறது. நாம் எந்தப் பயனர் பெயரில் ஓடவிடுகிறோமோ அந்தப் பெயருக்கு எட்டுகிற கோப்புகளெல்லாம் அதற்கும் எட்டக்கூடும். ஆகையால் திட்டத்தை நடத்துவது யார் என்பதே முதற்கேள்வி. ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தின் பின்னால் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. ரொசெட்டா அட் ஹோம் திட்டம் 2024இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. எல்.எச்.சி. அட் ஹோம் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்துடையது. இப்படி முகவரி சொல்லக்கூடிய திட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மென்பொருளையும் அவர்கள் சொல்லும் இடத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது வேண்டவே வேண்டாம். கூடவே, கணிப்பொறியில் இதற்கென்று தனிப் பயனர் ஒன்றை வைத்து அதன் பெயரில் ஓடவிட்டால், அப்பாவின் கோப்புகள் அதன் கைக்கு எட்டா.

அனுமதியில்லாமல் பிறர் கணிப்பொறியை உழைக்க வைப்பதும் உலகில் நடக்கிறது. நாணயக் கணக்கு போடும் புரோகிராம்களைத் திருட்டுத்தனமாக நுழைத்துவிட்டு, மின்சாரச் செலவை நம் தலையில் கட்டி, இலாபத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வேலை செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். நம்மைக் கேட்டுச் செய்வது இரவல். கேளாமல் செய்வது களவு.

இந்த வேறுபாட்டை மறந்து நல்லெண்ணத்தோடு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கணிப்பொறிகளைப் பராமரித்து வந்த ஒருவர், 1999இல் அவற்றில் இத்தகைய மென்பொருளைத் தாமாகவே போட்டுவிட்டார். அவர் எதையும் திருடவில்லை. ஆனாலும் அவர்மேல் கிரிமினல் வழக்கு வந்தது. 2002 ஜனவரியில்தான் அது சமரசமாக முடிந்தது: 2,100 டாலரும் 80 மணி நேரச் சமூக சேவையும். தண்டனை மிகையென்று எங்களில் பலருக்குத் தோன்றியது. “கணிப்பொறி அவருடையது அல்லவே” என்று சிலர் விடவில்லை. அரை மணி நேரம் விவாதித்தோம். பள்ளி ஆய்வுக்கூடக் கணிப்பொறிகளில் தலைமைச் சகோதரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஒன்றையும் நிறுவுவதில்லை என்று அன்றே மன்றக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். வீட்டுக் கணிப்பொறிக்கும் அது பொருந்தும். அதற்கு உரிமையாளர் பெற்றோரே தவிர நாமல்ல.

இனி, கள்வனைவிட நிச்சயமாக வந்து சேரும் இரண்டைப் பற்றி எழுத வேண்டும். அவை வெப்பமும் மின்கட்டணமும்.

கணிப்பொறி சும்மா இருக்கும்போது குளிர்ந்திருக்கிறது. முழுமூச்சாக உழைத்தால் கொதிக்கிறது. பகா எண்களைத் தேடும் ‘ஜிம்ப்ஸ்’ என்னும் திட்டம் 1996இல் தொடங்கியது. அதன் மென்பொருளை, புதிதாகப் பூட்டிய கணிப்பொறி உறுதியானதா என்று சோதிப்பதற்கென்றே பலர் ஓட்டுகிறார்கள் என்றால் அது கொடுக்கும் சுமையை ஊகித்துக்கொள்ளலாம். எங்களில் ஒருத்தி மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து இரவு முழுவதும் ஓடவிட்டாள். காற்றுத் துவாரம் அடைபட்டு, காலையில் அடிப்பாகம் தோசைக்கல்லாகியிருந்தது. வெப்பத்தில் மடிக்கணினியின் பாட்டரி சீக்கிரம் தளர்ந்துபோகும். ஆகவே கெட்டியான மேசைமேல் வைக்க வேண்டும். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில், பாதித் திறனில் மட்டும் ஓடு, நாங்கள் பயன்படுத்தும்போது நின்றுவிடு, பாட்டரியில் இருக்கும்போது ஓடாதே என்றெல்லாம் கட்டளையிட முடியும். அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் தொடங்குவதுதான் நாங்கள் செய்த தவறு.

மின்கட்டணத்துக்கு ஒரு சிறு கணக்கு. மேசைக் கணிப்பொறி இந்த வேலைக்காக 100 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் ஓடினால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வரும்போது 144 யூனிட் ஏறியிருக்கும். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று. நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் என்றால் அதே இரண்டு மாதத்தில் 24 யூனிட்டோடு நிற்கும். பிறருக்கு உதவப் போய் அம்மாவின் வீட்டுக் கணக்கில் துண்டு விழச் செய்தால், தானம் செய்தது நாமா அம்மாவா?

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்திட்டங்களில் சேர்வோரின் பெயர்கள் மதிப்பெண்களோடு உலகமே காணும்படி பட்டியலில் வருகின்றன. நம் மாணவிகள் முழுப்பெயரையும் ஊரையும் எழுத வேண்டியதில்லை, புனைபெயர் போதும். கடவுச்சொல்லும் வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அந்தத் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பாங்குக் கணக்கு பார்க்கும் கணிப்பொறியில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆனால் பரணில் கிடந்த, மூத்த மகன் கல்லூரிக்குப் போகுமுன் பயன்படுத்திய பழைய கணிப்பொறியைத் துடைத்து இறக்கிக் கொடுத்தார். மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, மே மாத வெயில் காலத்தில் முற்றிலும் நிறுத்தம் என்பது அவர் விதித்த நிபந்தனை. இப்போது அது ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை எந்த விண்மீனும் அகப்படவில்லை. “இன்றைக்கு ஏதாவது கிடைத்ததா?” என்று தினமும் கேட்பவர் அந்தத் தாயார்தானாம்.