மைனாவும் அணிலும் சேர்ந்து வளரலாம், வேடிக்கை காட்டத்தான் கூடாது

அணில்பிள்ளையையும் மைனாக் குஞ்சையும் ஒரே பெட்டியில் வைத்து வளர்த்தேன். அது தப்பு என்று சொன்னவர்கள் பலர். பறவைகளைப் பற்றி நிறையப் படித்த ஒருவர் போனிலேயே கோபித்துக்கொண்டார்: "அணில் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்னும்மா, குஞ்சையும் விடாது. உடனே பிரிச்சு வைங்க." அவர் சொன்ன செய்தி உண்மைதான். பொந்துக்காக இரண்டும் அடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் பெட்டியில் கிடந்தது கண் திறக்காத அணிலும், உடம்பெல்லாம் முள்முள்ளாக இறகு குத்திட்டு நின்ற குஞ்சும். அவற்றுக்குப் பகை தெரியாது, குளிர் மட்டும்தான் தெரியும். பிரிக்காமல் வைத்தது சரி என்று இன்றும் சொல்வேன்.

ஆலங்குளம் பக்கம் சாலையை அகலப்படுத்த வைகாசியில் புளியமரங்களை வெட்டினார்கள். பொந்தில் குஞ்சு இருக்கும் மாதம் என்று யாரும் யோசிக்கவில்லை. விழுந்த ஒரே மரத்திலிருந்து கிடைத்தவை இவை. கூடப் பிறந்தவை பிழைக்கவில்லை. அணிலுக்கு இன்னொரு அணில், மைனாவுக்கு இன்னொரு மைனா துணை கிடைத்தால் அதுதான் நல்லது. எனக்குக் கிடைக்கவில்லை.

வனத்துறைக்கு அன்றே சொல்லிவிட்டேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படி ஓர் உயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

வளர்ப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் சூடு, பிறகுதான் உணவு. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. உங்கள் வீட்டிலும் பழைய பருத்திச் சேலை இருக்கும். அதில் வெந்நீர் பாட்டிலைச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளட்டும். அணிலுக்குப் பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். முதலில் ஓ.ஆர்.எஸ். தண்ணீர், அப்புறம் நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர் கரைசல். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சால், குட்டியைக் குப்புறப் பிடித்து, சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். இன்க் ஃபில்லரில் பீய்ச்சினால் மூக்கில் ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். மைனாவுக்கு வெட்டுக்கிளி, வேகவைத்த முட்டை. பால்சோறு ஆகாது. வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. வளரும் அணிலுக்கு வெறும் பழமும் கடலையுமாகக் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் பின்னங்கால் விழுந்துவிடும். காலை வெயிலும் வேண்டும்.

அணில் கண் திறந்தபோது மைனாவின் இறக்கைக்கு அடியில்தான் இருந்தது. பால் குடித்ததும் அங்கேதான் ஊர்ந்து போகும். மைனாவுக்கு அதன் வால் என்றால் உயிர். ஒவ்வொரு மயிராக அலகால் கோதிவிடும். அணில் அசையாமல் படுத்திருக்கும். வெட்டுக்கிளியை அணில் தொடவில்லை, கொய்யாவை மட்டும் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகத் தின்னும். பூனையைக் கண்டால் அணில் விட்டுவிட்டுக் கீச்சிடுமே, அந்தச் சத்தத்தை மைனா அப்படியே கற்றுக்கொண்டது. அது குரல் கொடுத்தால் அணில் முருங்கைமரத்தில் பாய்ந்து ஏறிவிடும்.

தனியாக வளர்ந்திருந்தால் இரண்டும் என்னையே பிடித்துக்கொண்டிருக்கும். கான்ராட் லோரன்ஸ் என்ற அறிஞர் வாத்துக் குஞ்சுகள் தம்மையே தாயாக எண்ணிப் பின்னால் நடந்ததை ஆராய்ந்தவர். 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். குஞ்சுப் பருவத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதுவே உறவாகிவிடுகிறது. இவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்ததால் நான் உணவு கொடுக்கும் கை மட்டுமாக இருக்க முடிந்தது. கோபித்துக்கொண்டவர் இதைக் கேட்கப் பொறுமையாக இருக்கவில்லை.

மைனா பறக்கப் பழகியதும் கதவைத் திறந்து வைத்தேன். பகலெல்லாம் வெளியே போய்விட்டு, சாயங்காலம் அணிலிடம் வந்துவிடும். கையால் ஊட்டுவதை அடியோடு நிறுத்தி, உணவைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டிய நாட்கள் அவை. மனித முகம் மறக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில்தான் என் கொழுந்தனார் மகன் விடுமுறைக்கு வந்தான். நான் வயலுக்குப் போகும் நேரம் பார்த்துப் பொரியும் புழுவும் காட்டி மைனாவைத் தோளில் உட்காரப் பழக்கி, பக்கத்தில் அணிலையும் வைத்து வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். தெருவே வாசலுக்கு வந்தது. ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். நான் சத்தம் போட்டேன். கொழுந்தனார் சொன்னது: "என்ன மதினி, ரெண்டு நிமிச வீடியோதானே."

அந்த இரண்டு நிமிடம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மனிதத் தோள் என்றால் தீனி என்று மைனா தெரிந்துகொண்டது. ஒரு நாள் சாயங்காலம் திரும்பவில்லை. பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒருவர் தோளில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டுபோய்க் கூண்டில் அடைத்து, இறக்கையையும் வெட்டிவிட்டார். தேடிக் கண்டுபிடித்து, சட்டத்தைச் சொல்லி மீட்டு வருவதற்குள் அணில் பெட்டியைவிட்டுப் போயிருந்தது. அணில் போனதில் எனக்கு வருத்தமில்லை. கொட்டையைத் தானே உடைக்கும், பூனைக்கும் மனிதருக்கும் பயப்படும், அது தயாராகிவிட்டது. மைனா அப்படி இல்லை. வெட்டிய இறகு அடுத்த இறகு உதிர்ப்பின்போதுதான் புதிதாக முளைக்கும். அதுவரை அது தத்தித் தத்திப் பழைய பெட்டியில் போய் அடைந்தது, தனியாக.

கொழுந்தனார் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்: அமெரிக்காவில் கரடியும் சிங்கமும் புலியும் ஒன்றாக இருந்ததை உலகமே பார்த்ததே, அதனால் என்ன கெட்டது என்று. அந்தக் கதை எனக்கும் தெரியும். பலூ, லியோ, ஷேர்கான். 2001இல் அட்லாண்டாவில் போதைப்பொருள் சோதனைக்குப் போன போலீஸ் ஒரு வீட்டின் நிலவறையில் கண்டெடுத்த குட்டிகள். கரடிக்குட்டியின் உடம்பில் கட்டிய வார் சதைக்குள் புதைந்துபோயிருந்தது, அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பிரித்து வைத்தால் கலங்கின என்று ஜார்ஜியாவின் காப்பகம் ஒன்றில் மூன்றையும் சேர்த்தே வளர்த்தார்கள். 2016இல் லியோ சாகும்வரை மூன்றும் ஒன்றாகவே இருந்தன. காட்டுக்குப் போக வழியே இல்லாதவை அவை. என் மைனாவுக்கு வானம் திறந்திருந்தது. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். பெயர் வைக்காதீர்கள். தோளில் ஏற்றாதீர்கள். ஊட்டும் கை ஒன்றே போதும், அதையும் பறக்கத் தொடங்கியதும் விலக்கிக்கொள்ளுங்கள். சேர்ந்து வளரும் இரண்டைப் பார்க்க யார் போனோடு வந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.