கிழங்குக்கும் ஜாதகம் கணித்தாயிற்று!

கேள்வி: உருளைக்கிழங்கின் மரபணுவை வரிசைப்படுத்திப் படிக்கிறார்களாமே, அதனால் என் தோட்டத்துப் பின்கருகல் நோய் ஒழியுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இந்தப் போகத்தில் ஒழியாது. ஆனால் நோய் தாங்கும் ரகங்களை உருவாக்கும் வேலை வேகம் பிடித்திருக்கிறது.

உருளைச் செடியில் ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு பிரதிகளாக இருக்கும். நல்ல குணம் எந்தப் பிரதியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடு. இதைச் சுலபமாக்க, பிரதிகளுக்குள் வேறுபாடே இல்லாத ஒரு செடியை உருவாக்கி, அதன் முழு மரபணு வரிசையை 2011-இல் வெளியிட்டார்கள். சுமார் 39,000 மரபணுக்கள்! சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் அதில் பங்காளி. கிழங்கு சீக்கிரம் இறங்குமா, தாமதிக்குமா என்று தீர்மானிக்கும் மரபணுகூடப் பிடிபட்டுவிட்டது.

முன்பெல்லாம் கலப்பின நாற்றை நட்டு, நோய் வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். இன்று இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளினால் போதும். நமக்குத் தெரிந்த எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று ஆய்வகமே சொல்லிவிடும்.

அந்த ரகங்கள் வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது: நோயற்ற விதைக்கிழங்கை நடுங்கள். மூடுபனி நாளில் காலையிலேயே இலையைப் புரட்டிப் பாருங்கள். கருகலின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அன்றே மருந்தடியுங்கள். ஜாதகம் விஞ்ஞானிகள் கையில். பரிகாரம் உங்கள் கையில்!