பருந்துக்குப் பேர் வைக்க வேண்டாம்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பருந்து பார்க்க எங்கேயும் போக வேண்டியதில்லை. கோழிக்கடைகளில் வெட்டத் தொடங்கும் நேரத்தில் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்தால் போதும். வால் நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து. உடம்பு செங்கல் நிறமாகவும் தலையும் மார்பும் வெள்ளையாகவும் இருந்தால் செம்பருந்து. பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் அதுதான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பறவைகளைப் பற்றிச் சொல்லித்தருகிறேன். அடிபட்ட பருந்து எப்படி மறுபடி பறக்கிறது என்பதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

அந்தப் பாடத்தைக் காத்தாடி நூலான மாஞ்சாவில் தொடங்குவது நல்லது. பெங்களூரில் ஆடிக் காற்றோடு காத்தாடியும் கிளம்பிவிடும். நைலான் மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. ஆனாலும் தென்னை மட்டைகளில் அந்த நூல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து எலியைக் கண்டுபிடிக்கும் பருந்துக்கு இது தெரிவதில்லை.

நூல் எங்கே அறுக்கிறது என்பதைப் படத்தில் காட்டுவதைவிட அவர்கள் கையிலேயே காட்டுங்கள். ஒரு பிள்ளையின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை எலாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டி, மடக்கிய கையை மெல்ல நீட்டச் சொல்கிறேன். பட்டை விறைக்கிறது. பருந்தின் இறக்கையில் அந்த இடத்தில் மெல்லிய தோல் விரிந்திருக்கிறது. அதன் முன்விளிம்பில் ஒரு தசைநாண் ஓடுகிறது. பட்டையை நான் கத்தரித்ததும் பிள்ளைகள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். தோல் மட்டும் கிழிந்திருந்தால் தைத்துக் காப்பாற்ற வழியுண்டு. தசைநாணும் போயிருந்தால் அந்தப் பறவை மறுபடி வானேறுவது அரிது. இதை நான் மறைப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளையால் இந்த உண்மையைத் தாங்க முடியும்.

உடைந்த இறகைச் சரிசெய்வதுதான் அவர்களுக்கு மிகப் பிடித்த பாடம். அடுத்த இறகுதிர்ப்பு வரை காத்திருக்காமல், இறந்த பறவையின் இறகை எடுத்து ஒட்டுப்போடும் முறை மருத்துவர்களிடம் இருக்கிறது. கோழி இறகுகளைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பிள்ளைகளே செய்து பார்ப்பார்கள். இறகுத் தண்டு உள்ளே பொள்ளல். மூங்கில் குச்சியைச் சீவி, பசை தடவி, அடித்தண்டுக்குள் பாதி, புது இறகுக்குள் பாதி செருக வேண்டும். "வலிக்காதா அக்கா?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். முற்றிய இறகை வெட்டுவது நகம் வெட்டுவதுபோலத்தான்.

கடினமான பாடம் அடுத்தது. படத்தில் காட்டும் பருந்துக்கெல்லாம் பிள்ளைகள் உடனே பேர் வைத்துவிடுகிறார்கள், கொஞ்ச வேண்டும் என்கிறார்கள். மறுவாழ்வு மையங்களில் இதற்கு நேரெதிராகத்தான் வேலை நடக்கிறது: தொடுவதும் பேசுவதும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. குஞ்சிலிருந்தே மனிதக் கையால் ஊட்டி வளர்த்தால் அது மனிதரையே தன் இனமாக நினைத்துக்கொள்ளும். அப்படி வளர்ந்த பருந்து பயமில்லாமல் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலில் வந்து உட்காரும். அங்கே கல்லடிதான் கிடைக்கும். "அப்ப அது நம்மள மறந்துடணுமா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. ஆமாம், மறக்க வேண்டும் என்றேன். முகம் வாடினாலும் அன்றைக்கு வரைந்த படத்தில் அவள் பருந்துக்குப் பேர் எழுதவில்லை.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு 2022இல் வந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' ஆவணப்படத்தைப் பகுதி பகுதியாகப் போட்டுக் காட்டலாம். டெல்லியில் நதீம், சவூத் என்ற சகோதரர்கள் தங்கள் வீட்டின் நிலவறையிலேயே பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். இறைச்சி தின்னும் பறவை என்று ஒரு மருத்துவமனை சேர்த்துக்கொள்ள மறுத்ததில்தான் அவர்கள் கதை தொடங்குகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அடிபட்ட பருந்தைக் கண்டால் பிள்ளை தொடக் கூடாது, பெரியவரைக் கூப்பிட வேண்டும். அலகைவிடக் கால் நகங்கள் ஆபத்தானவை. பெரியவர் தடித்த துண்டைப் போர்த்தி, கால்களைச் சேர்த்துப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூட வேண்டும். பாலும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம், தண்ணீரை வாயில் ஊற்றவும் வேண்டாம். சுற்றியிருக்கும் நூலை இழுத்தால் காயம் ஆழமாகும். உடம்பை ஒட்டியதை விட்டுவிட்டு, தொங்குவதை மட்டும் கத்தரியுங்கள். பிறகு வனத்துறையின் 1926 எண்ணையோ, கெங்கேரிப் பக்கமுள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனையையோ அழைக்கலாம். கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சு காயமில்லாமல் இருந்தால் தள்ளி நின்று பாருங்கள்; தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். வீட்டில் வைத்து எலும்பில்லாத கறியை மட்டும் ஊட்டினால் சுண்ணாம்புச் சத்தில்லாமல் அதன் கால் வளைந்துவிடும்.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். தெருவில் எட்டும் உயரத்தில் கிடக்கும் மாஞ்சாவைப் பெரியவர் துணையோடு, தோட்ட வேலைக் கையுறை போட்டுச் சேகரிப்பது. மின்கம்பியில் சிக்கியதை யாரும் தொடக் கூடாது. சேர்ந்ததை விரல்நீளத் துண்டுகளாகக் கத்தரித்து, பழைய டப்பாவில் போட்டு மூடிக் குப்பை வண்டியில் கொடுக்கிறோம்.