உறையைப் பிரிக்கும் முன்

அன்புள்ள யாழினி,

உதகையில் காந்தல் முக்கோணத்துப் பக்கம் உங்கள் வீட்டு வாசலில் தபால்காரர் பத்து ரூபாய் கேட்டு நின்றதையும், "அனுப்பினது அவ, காசு கட்டுறது நானா?" என்று நீ அம்மாவிடம் சண்டை போட்டதையும் எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் பழைய காலத்துக்குப் போகும், பரவாயில்லையா?

கணக்கை முதலில் முடித்துவிடலாம். சாதாரணக் கடிதத்துக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். உன் தோழி தன் கையால் வெட்டி ஒட்டிச் செய்த அட்டை கனம்; அதில் ஒட்டியிருந்ததோ ஒரே ஒரு 5 ரூபாய்த் தபால் தலை. குறைகிற தொகையைப் போல் இருமடங்கு வாங்குவது தபாலில் நெடுநாள் வழக்கம். தலையே ஒட்டாவிட்டால் முழுக் கட்டணத்தில் இருமடங்கு. தாத்தா காலத்து ஆட்கள் இதை 'நாட்பெய்டு' என்பார்கள், தபால் ஆபீசில் 'பேரிங்'. ஆக, அவர் தன் சட்டைப்பைக்காகக் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் பெறுகிறவர் காசு கட்டுவது சர்வ சாதாரணம். 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி தூரத்துக்குத் தக்க கட்டணம். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக்கு ஒரு ரூபாய். அன்றைய ஒரு ரூபாய்! 1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுக்க ஒரே விலை: கால் தோலாக் கடிதத்துக்கு அரை அணா. ஒட்டாமல் போட்டால் இருமடங்கு என்ற தண்டனையும் கூடவே வந்தது. அப்படியும் பலர் வேண்டுமென்றே ஒட்டாமல் போட்டார்கள். காசு வசூலிக்க வேண்டியிருப்பதால் அந்தக் கடிதத்தைத் தபால்காரர் தொலைக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை! இன்னும் சாமர்த்தியசாலிகள், உறையின் மேலேயே ஏதாவது குறி வைத்து அனுப்புவார்கள். பெறுகிறவர் குறியைப் பார்த்துச் சேதி தெரிந்துகொண்டு, "வேண்டாம்" என்று திருப்பிவிடுவார். உங்கள் தலைமுறையின் மிஸ்டு கால்தான் அது, வேறென்ன.

எனக்கு அந்தத் தந்திரத்தைப் பார்த்து முழுசாகச் சிரிக்க முடிவதில்லை. உதகைக்கு ரயில் வந்தது 1908இல்தான். மலையில் ரயில் பாதையே இல்லாத காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து தபால் மலையேறியது மனிதன் காலாலும் குதிரை காலாலும். யாரோ வேண்டாம் என்ற கடிதம் அதே மலையை மறுபடி இறங்கியாக வேண்டும், இரண்டு தடவையும் ஓசியில். இருமடங்கு என்பது கொஞ்சம் கடுமைதான். ஆனால் காரணமில்லாத கடுமை இல்லை.

இனி உன் கேள்வி. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதை அழகாகப் பிரித்து வைத்திருந்தது. கடிதத்தை ஏற்றுக்கொண்டால் பெறுகிறவர் கட்ட வேண்டும். பிரிக்காமல் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டால் கட்ட வேண்டாம். பொறுப்பு அனுப்பியவர் தலையில் விழும். சும்மா தொல்லை கொடுக்கவே யாராவது தலை ஒட்டாமல் அனுப்பியது தெரிந்தால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் அதில் இடம் இருந்தது. 2024 ஜூனில் அந்தச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் உன் கேள்விக்கு அந்தப் பழைய பிரிவைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. நீ என்ன செய்தாய்? முதலில் உறையைக் கிழித்தாய், பிறகு சண்டை போட்டாய்.

வெளிநாட்டுத் தபாலிலும் இது உண்டு. தலை குறைந்த உறையில் ஆங்கில 'டி' எழுத்து முத்திரை விழும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கடல் தாண்டிய சேதி பெரும்பாலும் தபாலில்தான். இலங்கை அட்டனில் இருக்கும் அக்காளின் கையெழுத்து உறைமேல் தெரியும்போது, பிரிக்காமல் திருப்பிக் கொடு என்று எந்தச் சட்டம் சொன்னாலும் யார் கேட்பார்?

இன்னொன்று. "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, இந்த லிங்க்கில் போய்ச் சிறு தொகை கட்டுங்கள்" என்று தபால் துறை பெயரில் போனுக்கு மெசேஜ் வரும். அது மோசடி, அப்படி லிங்க் அனுப்புவதில்லை என்று துறையே எச்சரித்திருக்கிறது. அதில் உறையும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. தொடாதே.

தோழியிடம் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்பதா என்றும் எழுதியிருந்தாய். கேட்காதே. பதில் அட்டை செய்து, கவுண்டரில் எடை போட்டுப் பார்த்துத் தலை ஒட்டி அனுப்பு.

அன்புடன்,
மாமா