ஆட்டோ சங்கர்: ஊர்ப்பேச்சும் தீர்ப்பும்

மதுரைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஆட்டோ சங்கர் என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிக் கடத்தினான், கொன்று சுவருக்குள் வைத்துப் பூசினான், சரியான சைக்கோ என்று கதை வந்துவிடும். மெட்ராஸில் நடந்த சம்பவம்தான். ஆனாலும் ராத்திரி மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் பெண்ணுக்கு இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயம் காட்டுகிறோம். நீதிமன்றத்தில் நிரூபணமானது இந்தக் கதை அல்ல.

நம்பிக்கை: கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் பள்ளி மாணவிகள்.

திருவான்மியூரில் ஒன்பது மாணவிகள் காணாமல் போனார்கள் என்ற கதை இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. வழக்கில் நிரூபிக்கப்பட்ட கொலைகள் ஆறு. நடந்த காலம் 1987, 1988. இறந்தவர்களில் ஐந்து பேர் ஆண்கள், ஒருவர் பெண்.

அந்தப் பெண் சங்கர் நடத்திய பாலியல் தொழிலில் சிக்கியிருந்தவர். பிடித்த ஒருவரோடு அதைவிட்டு வெளியேறினார். சங்கரும் கூட்டாளிகளும் அவரைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். பிறகு அவரோடு போனவரைக் கொன்றார்கள். நண்பன் எங்கே என்று விசாரித்து வந்தவருக்கும் அதே கதி. 1988 மே மாதக் கடைசியில், தகராறு செய்ததற்காக மூன்று பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். சில உடல்கள் பெரியார் நகரில் புதைக்கப்பட்டன. ஒன்றை எரித்து மிச்சத்தைக் கடலில் போட்டார்கள். அந்த மூவரின் வீட்டார் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததில்தான் விஷயமே வெளியே வந்தது.

கொலைகள் நடந்த வரிசையைக் கவனியுங்கள். தொழிலைவிட்டுப் போனவர், போகத் துணை நின்றவர், கேள்வி கேட்டவர், எதிர்த்து நின்றவர்கள். ஆட்டோவில் ஏறிய பயணி என்பதற்காகக் கொல்லப்பட்டவர் இதில் ஒருவரும் இல்லை.

நம்பிக்கை: அவன் தனி ஆள், பிறவியிலேயே கொடூரன்.

ஆட்டோ சங்கர் என்ற கௌரி சங்கர் வேலூர் அருகே காங்கேயநல்லூரைச் சேர்ந்தவன். சென்னைக்கு வந்து பெயிண்டர் வேலை பார்த்தான், ஆட்டோ ஓட்டினான். ஆட்டோவில் சாராயம் கடத்தத் தொடங்கி, அங்கிருந்து பாலியல் தொழிலுக்குப் போனான். தம்பி உட்பட ஒரு கூட்டமே கூட இருந்தது. 1991 மே 31 அன்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது அவனுக்கு மட்டுமல்ல, கூட்டாளிகள் இருவருக்கும் சேர்த்துத்தான்.

1990 ஆகஸ்டில் அவன் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பியதை அவனுடைய சாமர்த்தியம் என்று மெச்சிப் பேசுகிறவர்களும் உண்டு. தப்ப உதவியதற்காக மூன்று சிறை வார்டர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒடிசாவின் ரூர்கேலா வரை போய்த்தான் அவனைப் பிடித்து வர வேண்டியிருந்தது. சிறைக்குள்ளேயே ஆள் வைத்திருந்தவன் செய்ததைத் தனி மனிதனின் வெறி என்று சொன்னால், கதவைத் திறந்துவிட்டவர்கள் தப்பிவிடுவார்கள்.

ரத்தத்திலேயே குற்றம் என்ற பேச்சை நம்பக் கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது நம் மதுரைதான். உசிலம்பட்டிப் பக்கம் ரேகைச் சட்டம் என்றால் இன்றைக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரை என்று பதிந்து வைத்த சட்டம் அது. கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிய 1947 வரை ஆனது. பிறப்பால் குற்றவாளி என்று நம்பினால் யார் சாக நேரும் என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. சங்கரின் குற்றங்களுக்கு அவன் செய்த தொழில், அதில் புரண்ட பணம், அதற்குக் கிடைத்த பாதுகாப்பு என்று கண்ணெதிரே காரணங்கள் இருக்கும்போது பிறப்பை எதற்கு இழுக்க வேண்டும்?

நம்பிக்கை: சினிமாதான் அவனைக் கெடுத்தது.

இதைச் சொன்னவன் அவனேதான். அதே படங்களைப் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

நம்பிக்கை: அவன் எழுதிய சுயசரிதை உண்மை என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

படித்தவர்களே அதிகம் சொல்லும் தவறு இது. சங்கர் சிறையில் 300 பக்கம் போல எழுதினான், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் பலரோடு தனக்கிருந்த நெருக்கத்தை அதில் சொல்லியிருக்கிறான் என்று கூறி, நக்கீரன் பத்திரிகை அதைத் தொடராக வெளியிட முன்வந்தது. அதை அவன் எழுதவே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று சிறைத்துறை ஐ.ஜி. 1994 ஜூன் 15 அன்று கடிதம் அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தீர்ப்பை எழுதினார்.

அந்த வழக்கில் சங்கரும் தரப்பு இல்லை, அவன் மனைவியும் இல்லை. எனவே அவன் அதை எழுதவில்லை, அனுமதியும் தரவில்லை என்று வைத்துக்கொண்டே நீதிமன்றம் மேலே போனது. பொது ஆவணங்களில் இருக்கிற அளவுக்கு அவன் வாழ்க்கையை அவன் சம்மதம் இல்லாமலேயே பிரசுரிக்கலாம். அதைத் தாண்டினால் அவனுடைய அந்தரங்க உரிமையில் கை வைத்ததாகலாம், விளைவைப் பத்திரிகை ஏற்க வேண்டும் என்றது தீர்ப்பு. அவதூறு வரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது. வெளிவந்த பிறகு வேண்டுமானால் வழக்குத் தொடரலாம் என்றும் சொன்னது. தூக்குத் தண்டனைக் கைதிக்கும் அந்தரங்கம் உண்டு என்று ஏற்ற அந்தத் தீர்ப்பு, 2017 இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோதும் எடுத்துப் பேசப்பட்டது.

ஆனால் அதிகாரிகளைப் பற்றி அந்தப் பக்கங்களில் இருந்ததாகச் சொல்லப்பட்டதில் எது மெய், எது பொய் என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. தீர்ப்பு வந்து ஏழு மாதம்கூட முடியவில்லை, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான். அதன்பிறகு யாராவது விசாரிக்க நினைத்திருந்தாலும், குறுக்கு விசாரணைக்குக் கூண்டில் ஏற்ற அவன் உயிரோடு இல்லை.